சஞ்சீவனி: வாழ்விக்கும் சொல்

சஞ்சீவனி என்றதும் ஒரு கையில் கதாயுதமும் மறு கையில் மலையுமாக வான்வழியே விரையும் ஸ்ரீ ஆஞ்சநேயரின் திருவுருவமே பக்தர்களின் மனக்கண்ணில் தோன்றுகிறது. நாட்காட்டிப் படங்களில் அந்த உருவம் இருக்கிறது. கோயில் சுதைச் சிற்பங்களில் இருக்கிறது. தேசமெங்கும் மருந்துக் கடைகளுக்கும் மருத்துவ மனைகளுக்கும் இப்பெயரைச் சூட்டி மகிழ்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய அரசு தொடங்கிய தொலைமருத்துவச் சேவையும் ‘இ-சஞ்சீவனி’ என்றே பெயர் பெற்றது. இவ்வளவு வழக்கில் ஊறிய ஒரு சொல்லுக்கு அகராதி எதற்கு? இறந்தவரைப் பிழைக்கச் செய்யும் மூலிகை என்று சிறுபிள்ளையும் பொருள் சொல்லிவிடும்.

ஆயினும் பழைய நூல்களைப் புரட்டிப் பார்ப்பவருக்குச் சற்றுத் திகைப்பு உண்டாகும். மகாபாரதத்தில் இச்சொல் மூலிகையைக் குறிக்கவில்லை. ஓர் அசுர குரு மறைத்து வைத்திருந்த வித்தையைக் குறிக்கிறது. பவபூதியின் நாடகத்தில் ஒரு தொடுகை இப்பெயர் பெறுகிறது. மல்லிநாதரிடம் இது ஓர் உரைநூலின் பெயர். மனு ஸ்மிருதியிலோ, கேட்டவர் நம்பத் தயங்கும் வகையில், இது ஒரு நரகத்தின் பெயர்! உயிரை மீட்டுத் தரும் சொல் எவ்வாறு நரகத்துக்குப் பெயராயிற்று? இக்கேள்விக்கு விடை தேடினால்தான் சஞ்சீவனி என்பதன் முழுப்பொருள் விளங்கும்.

சொல்லின் பிறப்பு

பாணினி மரபின் தாது பாடம் ‘ஜீவ்’ என்னும் வினையடிக்குப் பிராணனைத் தாங்குதல் என்று பொருள் கூறுகிறது. ஜீவன், ஜீவிதம், ஜீவாத்மா, ஜீவனாம்சம் ஆகிய எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. அதன் முன்னே ‘சம்’ என்ற உபசர்க்கம் வந்து சேர்கிறது. சங்கமம் என்னும்போது அது ஒன்றுகூடுதலையும், சம்பூர்ணம் என்னும்போது குறைவில்லாமையையும் தருகிறது. சஞ்சீவனத்தில் இரண்டு சாயல்களும் உண்டு: சிதறியது கூடுகிறது, குறைந்தது நிறைகிறது.

மூன்றாவதாக உள்ள உறுப்பே முக்கியமானது. வடமொழி இலக்கணத்தார் அதை ‘ணிச்’ என்பர். தமிழ் இலக்கணத்தில் பிறவினை என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கலாம். உண்டான் என்பது தன்வினை. உண்பித்தான் என்பது பிறவினை. வாழ்ந்தான் என்பது தன்வினை. வாழ்வித்தான் என்பது பிறவினை. சஞ்சீவனம் என்ற சொல் இந்தப் பிறவினையிலிருந்து பிறந்தது. வாழ்வது வேறு, வாழ்விப்பது வேறு. வாழ்விக்க வேண்டுமானால் இருவர் வேண்டும். ஓஷதி, வித்யா ஆகிய இரண்டும் வடமொழியில் பெண்பாற் சொற்கள் ஆதலால் அவற்றுக்கு அடைமொழியாக வரும்போது சஞ்சீவனம் ‘சஞ்சீவனி’ ஆகிறது. தமிழ் நாவில் அது சஞ்சீவி என்று சுருங்கிற்று.

இதனோடு வைத்து மயங்கும் சொற்கள் இரண்டு. ஒன்று சிரஞ்சீவி. ‘சிரம்’ என்றால் நெடுங்காலம். நெடுங்காலம் வாழ்பவர் சிரஞ்சீவி. அந்த வாழ்வு அவருடையது. மற்றொன்று அமிர்தம். ‘மிருதம்’ என்பது இறந்தது. அகரம் அதை மறுக்கிறது. அமிர்தம் உண்டவரை மரணம் அணுகாது. ஆனால் உண்டவருக்கு மட்டுமே அந்தப் பயன். பாற்கடல் கடைந்தபோது எழுந்த பூசல் அனைத்தும் யார் உண்பது என்பது பற்றியதே. சஞ்சீவனியைப் பற்றி அத்தகைய பூசல் எழ வழியில்லை. இறந்து கிடப்பவன் தானே எழுந்து அதை எடுத்துக்கொள்ள முடியாதே! அவனுக்காக இன்னொருவர் கொண்டுவர வேண்டும்.

சொல் பிறக்கும் முன்பே அதன் பொருள் வேதத்தில் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 57 முதல் 60 வரையுள்ள சூக்தங்கள் கௌபாயனர்கள் என்னும் சகோதரர்களுக்கு உரியவை. அசமாதி என்ற அரசன் தன் புரோகிதர்களான அவர்களை விலக்கிவிட்டு, மாயம் வல்ல வேறிருவரை அமர்த்தினான் என்றும், அவர்கள் சுபந்து என்ற சகோதரனின் உயிரைக் கவர்ந்தனர் என்றும் மரபு கூறுகிறது. மற்ற மூவரும் என்ன செய்தார்கள்? ஆயுதம் எடுக்கவில்லை, சாபமும் இடவில்லை. தம்பியின் உடலருகே அமர்ந்து, போய்விட்ட அவனது மனத்தைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். 58-ஆம் சூக்தத்தில் 12 மந்திரங்கள். ஒவ்வொன்றும் அந்த மனம் போயிருக்கக்கூடிய ஓரிடத்தைச் சொல்லி, அங்கிருந்து அதைத் திருப்பி அழைக்கிறது. யமனிடம் போயிற்றோ, விண்ணுக்குப் போயிற்றோ, நான்கு திசைகளுக்கோ, கடலுக்கோ, செடிகொடிகளுக்கோ, மலைகளுக்கோ, கடந்துபோன காலத்துக்கோ, வரப்போகும் காலத்துக்கோ? எங்கே போயிருந்தாலும் இங்கே வசிப்பதற்காக, வாழ்வதற்காகத் திரும்பி வா என்பதே வேண்டுதல். இந்த வரிசையின் இறுதி மந்திரம் நோயாளியைத் தொடும் கையைப் போற்றி முடிகிறது. உயிர் என்னாமல் மனம் என்றது கவனிக்கத்தக்கது. உடல் இங்கேயே இருக்க, மனம் கடந்தகாலத்திலோ எதிர்காலத்திலோ சிக்கிக்கொண்டு நடைப்பிணமாய்த் திரிபவர்கள் எக்காலத்திலும் உண்டு.

குருவின் வயிற்றில் சீடன்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் கசனின் வரலாறு வருகிறது. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் மூவுலக ஆட்சிக்காக ஓயாத போர். தேவகுரு பிருஹஸ்பதி, அசுரகுரு சுக்கிராசாரியர். சுக்கிரரிடம் மிருத சஞ்சீவனி வித்தை இருந்தது. பகலில் தேவர்கள் வீழ்த்திய அசுரர்களை அவர் மீண்டும் எழுப்பிவிடுவார். எழுந்தவர்கள் மறுபடியும் போருக்குப் போவார்கள். பிருஹஸ்பதிக்கு அது தெரியாது. எனவே தேவர்கள் அவருடைய மைந்தன் கசனை சுக்கிரரிடம் சீடனாக அனுப்பினர்.

கசன் ஒளிந்து செல்லவில்லை. தான் பிருஹஸ்பதியின் மகன் என்பதை முதல் நாளே சொல்லிப் பணிந்தான். ஆயிரம் ஆண்டு பிரம்மசரிய விரதத்தை ஏற்றான். எதிரியின் மகன் என்று தெரிந்தும் சுக்கிரர் அவனை ஏற்றுக்கொண்டார். இதில் சுக்கிரரின் பெருமையும் தெரிகிறது. அசுரர்களுக்கு மட்டும் பொறுக்கவில்லை. பசு மேய்க்கச் சென்ற கசனைக் கொன்று, துண்டுகளாக்கி ஓநாய்களுக்கு இட்டனர். மாலையில் பசுக்கள் மட்டும் திரும்பின. குருவின் மகள் தேவயானி அழுதாள். சுக்கிரர் வித்தையை உச்சரித்து அழைத்தார். கசன் வந்து நின்றான். மறுமுறையும் கொன்றார்கள், மறுமுறையும் வந்தான். கடைசியில் அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கசனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து சுக்கிரருக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றும் தேவயானி அழுதாள். அன்றும் சுக்கிரர் அழைத்தார். பதில் அவருடைய வயிற்றுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது! இப்போது வித்தையைக் கையாண்டு கசனை வெளிக்கொணர்ந்தால் அவன் குருவின் வயிற்றைப் பிளந்துகொண்டுதான் வரவேண்டும். குரு மாண்டுபோவார். கசன் உள்ளேயே அழிந்தால் மகள் உயிர் தரியாள். உயிரை மீட்கும் ஆற்றல் முழுவதையும் கையில் வைத்திருப்பவர் தம் உயிரை மீட்டுக்கொள்ள வழியின்றி நின்றார். சொல்லின் இலக்கணமே அங்கே கதையாக நடக்கிறது. சஞ்சீவனம் பிறவினை. சுக்கிரரே ஆனாலும் தம்மைத் தாமே சஞ்சீவனம் செய்துகொள்ள முடியாது.

இருந்தது ஒரே வழி. எத்தனையோ காலம் யாருக்கும் தராமல் காத்த வித்தையை, வயிற்றுக்குள் இருக்கும் சீடனுக்குக் கற்பித்தார். என் மகனாய் வெளியே வா, வந்தபின் அறத்தை நோக்கு என்று கேட்டுக்கொண்டார். கசன் வெளிப்பட்டான். குரு பிணமாய்க் கிடந்தார். அந்தக் கணத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வந்த காரியம் முடிந்தது. வித்தை கைவந்துவிட்டது. எதிரிகளின் ஒரே பலம் தரையில் உயிரற்றுக் கிடக்கிறது. திரும்பிப் பாராமல் நடந்தால் தேவர்களின் வெற்றி அன்றே உறுதி. கசனோ கற்ற வித்தையை முதன்முதலாக எதிரிகளின் குருவை எழுப்பவே பயன்படுத்தினான். எழுந்தவரை வணங்கி, ஞானத்தைச் செவியில் வார்த்தவரைத் தாயாகவும் தந்தையாகவும் கொள்வதாகக் கூறினான். அப்படி வணங்காமல் போயிருந்தால் அவன் கற்றது வித்தை ஆகாது, களவு ஆகியிருக்கும்.

கதை அத்துடன் நிற்கவில்லை. விரதம் முடிந்து விடைபெறும்போது தன்னை மணந்துகொள்ளும்படி தேவயானி வேண்டினாள். குருவின் உடலிலிருந்து பிறந்தவன் ஆதலால் அவள் தனக்குச் சகோதரி முறை என்று கசன் மறுத்தான். அவள் சினந்து, நீ கற்ற வித்தை உனக்குப் பலிக்காமல் போகட்டும் என்று சபித்தாள். கசன் சொன்ன மறுமொழிதான் இந்த வரலாற்றின் உச்சம்: எனக்குப் பலிக்காவிட்டால் போகட்டும்; நான் யாருக்குக் கற்பிக்கிறேனோ அவருக்குப் பலிக்கும். ஆயிரம் ஆண்டு உழைத்துப் பெற்றது தனக்குப் பயன்படாது என்று அறிந்தே அவன் தேவலோகம் திரும்பினான். தேவர்கள் அவனிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டார்கள்.

உயிர்ப்பித்தலே நரகமான இடம்

இனி அந்த நரகத்துக்கு வருவோம். மனு ஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம், சாஸ்திரத்தை மீறி நடக்கும் பேராசைக்கார அரசனிடம் தானம் பெறும் அந்தணன் அடையும் 21 நரகங்களை வரிசையாகக் கூறுகிறது. தாமிஸ்ரம், ரௌரவம் என்று செல்லும் அப்பட்டியலில் சஞ்சீவனமும் ஒன்று. பௌத்த நூல்களிலும் எட்டு வெந்நரகங்களில் முதலாவதன் பெயர் சஞ்சீவம். அங்கே விழுந்தவர்கள் ஒருவரையொருவர் ஆயுதங்களால் வெட்டிச் சாய்க்கிறார்கள். பிறகு குளிர்ந்த காற்று ஒன்று வீசுகிறது. வெட்டுண்டவர்கள் புத்துயிர் பெற்று எழுகிறார்கள். எழுந்ததும் பழைய பகையோடு மறுபடியும் வெட்டத் தொடங்குகிறார்கள்.

இந்த வருணனைக்கும் சுக்கிரர் அசுரர்களை எழுப்பிய போர்க்களத்துக்கும் என்ன வேறுபாடு? எழுப்பப்பட்ட எந்த அசுரனும் புதிய மனத்தோடு எழுந்ததாகக் கதை சொல்லவில்லை. வாளைத் தேடி எடுத்துக்கொண்டு கொல்லவும் சாகவுமே போனான். பிராணன் மட்டும் திரும்பி, மனம் திரும்பாவிட்டால் மீட்கப்பட்ட உயிரே தண்டனையாகிவிடுகிறது. கௌபாயனர்கள் உயிரை விட்டு மனத்தை அழைத்ததன் நுட்பம் இங்கே புலப்படும்.

பஞ்சதந்திரக்காரர் இதையே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கல்வி மிக்க மூவரும், கல்வி குறைந்தாலும் புத்தியுள்ள ஒருவனும் காட்டு வழியே போனார்கள். வழியில் செத்த சிங்கம் ஒன்றின் எலும்புகள் கிடந்தன. ஒருவன் எலும்பைக் கூட்டினான். ஒருவன் தசையும் தோலும் அமைத்தான். மூன்றாமவன் உயிர் கொடுக்கப் போனான். நான்காமவன், இது சிங்கமப்பா என்றான். கேட்பாரில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அவன் மரத்தில் ஏறிக்கொண்டான். உயிர் பெற்ற சிங்கம் தன் பசியையும் உடன் பெற்றிருந்தது. அதே நூலின் முதல் தந்திரத்தில், நடுவழியில் விழுந்து, பிழைக்காது என்று கைவிடப்பட்டு, யமுனைக் கரையின் பசும்புல்லைத் தின்று தேறி எழும் எருதுக்கு ஆசிரியர் வைத்த பெயர் சஞ்சீவகன். பெயரிடுவதில் அவருக்கு ஒரு குறும்பு!

ஜாம்பவானின் கேள்வி

இப்போது இராமாயணத்துக்குள் செல்லலாம். வால்மீகியின் யுத்த காண்டத்தில் ஓஷதி மலை இருமுறை வருகிறது. முதன்முறை இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் ஸ்ரீராம லட்சுமணர்களும் வானர சேனையும் வீழ்ந்தபோது. வீழ்ந்த வானரர் 67 கோடி என்கிறார் ஆதிகவி. இரவு. விபீஷணரும் அனுமனும் கொள்ளிகளைக் கையில் ஏந்தி, பிணக்குவியலுக்கு இடையே உயிருள்ளவர் எவரேனும் உண்டா என்று தேடுகிறார்கள். முதுமையாலும் அம்புகளாலும் தளர்ந்து கிடக்கும் ஜாம்பவானைக் காண்கிறார்கள். அவருக்குக் கண் தெரியவில்லை. குரலைக் கொண்டே விபீஷணரை அடையாளம் காண்கிறார். அந்நிலையில் அவர் கேட்கும் முதல் கேள்வி, அனுமன் உயிரோடிருக்கிறானா என்பது.

விபீஷணருக்கு வியப்பு. ஸ்ரீராமரைப் பற்றிக் கேட்கவில்லை. அரசனான சுக்ரீவனைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கதனைப் பற்றியும் கேட்கவில்லை. வாயுபுத்திரன் மேல் மட்டும் ஏன் இத்தனை பரிவு? ஜாம்பவான் காரணம் சொல்கிறார். அவன் ஒருவன் உயிரோடிருந்தால் மாண்ட சேனையும் மாளாததே; அவன் இல்லையெனில் மாளாத நாமும் மாண்டவரே. மலையைப் பற்றியும் மூலிகையைப் பற்றியும் அவர் இன்னும் பேசவேயில்லை. அதற்கு முன்பே சஞ்சீவனி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார். அது இமயத்தில் இருக்கும். ஆனால் அங்கே போய் வர ஒருவன் உயிரோடிருக்க வேண்டும், தன்னை மறந்து போகக் கூடியவனாகவும் இருக்க வேண்டும். அனுமன் முன்வந்து முதியவரின் பாதங்களைப் பற்றிக்கொள்ள, ஜாம்பவான் தான் மறுபிறவி எடுத்ததாகவே உணர்ந்தாராம்.

அதன் பிறகுதான் வழி சொல்லப்படுகிறது. கடலைக் கடந்து இமயம் செல். அங்கே ரிஷபம், கயிலாயம் ஆகிய இரு சிகரங்களுக்கு இடையே ஓஷதி மலை ஒளிவிடும். நான்கு மூலிகைகளைக் கொண்டு வா. மிருதசஞ்சீவனி மாண்டவருக்கு உயிர் தரும். விசல்யகரணி உடலில் தைத்த அம்பை நீக்கும். சுவர்ணகரணி மேனியின் நிறத்தை மீட்கும். சந்தானகரணி பிளந்ததை ஒட்டும். பாமரர் நினைவில் முதல் மூலிகை மட்டுமே தங்கிவிட்டது. மற்ற மூன்றையும் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஜாம்பவான் நான்கையும் கேட்டார். தைத்த அம்பு தைத்தபடி இருக்க, ஒடிந்த எலும்பு ஒடிந்தபடி இருக்க, உயிரை மட்டும் திருப்பித் தந்தால் அது மேலே கூறிய நரகமன்றோ? முள்ளை எடுக்காத சஞ்சீவனம் பாதிச் சஞ்சீவனம் கூட ஆகாது. மனிதர்களின் மனத்தில் தைத்த சொல்லம்புகளுக்கும் இது பொருந்தும்.

அனுமன் போனார். கொண்டுபோக ஒருவர் வருவதை அறிந்த மூலிகைகள் தம்மை மறைத்துக்கொண்டன. எனவே சிகரத்தையே பெயர்த்து வந்தார். மூலிகைகளின் மணம் பட்டதும் சேனை முழுதும் உறங்கி விழித்தாற்போல் எழுந்தது. அந்தக் காற்று இலங்கை வீரர்களையும் எழுப்பியிருக்க வேண்டாமா என்ற ஐயத்துக்கும் வால்மீகி விடை வைத்திருக்கிறார். மாண்டவர் எண்ணிக்கை வெளியே தெரியக்கூடாது என்று இராவணன் ஆணையிட்டிருந்ததால், அரக்கர்களின் உடல்கள் உடனுக்குடன் கடலில் எறியப்பட்டுவிட்டன! இறந்தவர்களைக் கணக்கில் வராமல் மறைத்தவனுக்கு, அவர்களை மீட்கும் வாய்ப்பும் இல்லாமல் போயிற்று. ஸ்ரீராமரின் நடத்தையோ நேர்மாறானது. போர் முடிந்து இந்திரன் வரம் கேட்கச் சொன்னபோது, தமக்காக உயிர் நீத்த வானரர் அனைவரும் எழவேண்டும் என்பதையே அவர் கேட்டார்.

தமிழில் கம்பரும் மருத்துமலைப் படலம் என்று தனிப் படலமே அமைத்திருக்கிறார். இதே வேரை வேறு இடங்களில் கையாண்டோரில் இருவரை மட்டும் குறிப்பிடலாம். எட்டாம் நூற்றாண்டின் பவபூதி, உத்தர ராம சரிதத்தின் மூன்றாம் அங்கத்தில், தண்டகாரண்யத்தில் மூர்ச்சித்து விழும் ஸ்ரீராமரைக் கண்ணுக்குப் புலப்படாத சீதாதேவி கையால் தொட்டு எழுப்புவதாகக் காட்டுகிறார். கைவிட்டவரைக் கைவிடப்பட்டவள் தொட்டு எழுப்புகிறாள். கண்ணால் காணாதபோதும் ஸ்ரீராமர் அந்தத் தொடுகையை அறிந்து, அதைச் சஞ்சீவனம் என்றே குறிப்பிடுகிறார். பிற்காலத்தில், தெலுங்கு நாட்டு மல்லிநாதர் காளிதாசனின் காவியங்களுக்கு எழுதிய உரைக்குச் சஞ்சீவனி என்று பெயரிட்டார். தவறான உரைகள் என்னும் நஞ்சால் மயங்கிக் கிடக்கும் கவிவாக்கைத் தம் உரை எழுப்பும் என்பது அவருடைய கருத்து. ஒரு நூலும் மூர்ச்சையாகக் கூடும் என்பதை உரையாசிரியர் அல்லாமல் வேறு யார் உணர்வார்!

மலையைத் தேடி

அனுமன் பெயர்த்த மலை எது என்ற தேடல் இன்றும் ஓயவில்லை. அதன் துண்டு விழுந்த இடம் என்று சொல்லப்படும் குன்றுகள் பல ஊர்களில் உண்டு. இராஜபாளையத்தில் ஒரு சஞ்சீவி மலை, இலங்கையின் காலி நகரருகே ருமஸ்ஸல. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் துரோணகிரி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே அனுமனுக்குப் பூஜை இல்லை. தங்கள் தெய்வமாகிய மலையைப் பெயர்த்துக்கொண்டு போனவர் என்று அவர்களுக்கு அவர்மேல் வருத்தம். முதன்முறை அனுமன் மலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார் என்று வால்மீகி எழுதியிருப்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொன்னால் நல்லது.

2009-ஆம் ஆண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, சஞ்சீவனி என்ற பெயரில் இந்திய மொழிகளில் வழங்கும் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. அதில் முக்கியமாகப் பேசப்பட்ட ஒன்று செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். பாறைகளில் வளரும் இச்சிறு செடி கோடையில் காய்ந்து, சுருண்டு, செத்த சருகுபோல் கிடக்கும். நீர் பட்டால் விரிந்து பசுமையாகும். 2016-இல் உத்தராகண்ட் அரசு சஞ்சீவனியைத் தேடுவதற்கென 25 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. தேடுவதில் தவறில்லை. தான் காய்ந்து தானே துளிர்க்கும் செடி அழகானதுதான். ஆனால் பிறவினையின் இலக்கணத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு.

அதே இமயச் சாரலில் 1890-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. அப்போது 27 வயதான சுவாமி விவேகானந்தர், சகோதரத் துறவியான சுவாமி அகண்டானந்தருடன் நைனிதாலிலிருந்து அல்மோராவுக்குக் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தார். ஊரை நெருங்கும் வேளையில் பசியாலும் களைப்பாலும் ஒரு முஸ்லிம் இடுகாட்டின் அருகே சோர்ந்து விழுந்துவிட்டார். அகண்டானந்தர் தண்ணீர் தேடிப் போனார். இடுகாட்டைக் காத்துவந்த ஃபக்கீர் ஒருவர் விழுந்து கிடந்த துறவியைக் கண்டு ஒரு வெள்ளரிக்காயைக் கொண்டுவந்தார். அதைக் கையால் வாங்கவும் சுவாமிஜிக்கு வலுவில்லை. வாயில் ஊட்டும்படி கேட்டார். தாம் ஒரு முஸ்லிம் என்று ஃபக்கீர் தயங்கினார். அதனால் என்ன, நாம் சகோதரர்கள் அல்லவா என்றார் சுவாமிஜி. ஃபக்கீர் ஊட்டினார், சுவாமிஜி பிழைத்து எழுந்தார்.

ஏழாண்டுகள் சென்றன. 1897 மே மாதம், உலகப் புகழுடன் சுவாமிஜி அல்மோராவுக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நின்ற ஒரு முகத்தை அவருடைய கண்கள் கண்டுகொண்டன. ஃபக்கீருக்கு அவரை நினைவில்லை. சுவாமிஜி அவரிடம் சென்று, தம் உயிரைக் காத்தவர் இவர் என்று உடனிருந்தோரிடம் கூறிப் போற்றினார்.

அதே மே மாதத்தில், அங்கிருந்து வெகுதொலைவில், வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ராமகிருஷ்ண மிஷன் நிறுவப்பட்டு இரு வாரங்களே ஆகியிருந்தன. இமயத்தில் தண்ணீர் தேடிப் போன அதே அகண்டானந்தர் அப்போது அந்த மாவட்டத்தில் நடந்து திரிந்துகொண்டிருந்தார். மே 15-ஆம் நாள் மஹுலா கிராமத்தில் அவர் தொடங்கிய நிவாரணப் பணி மிஷன் வரலாற்றில் முதலாவது. அல்மோராவிலிருந்து சுவாமிஜி எழுதிய கடிதங்கள் அப்பணிக்கு ஊக்கம் ஊட்டின. கையில் நிதியில்லை, உடன் ஆளில்லை என்ற நிலையில் அங்கே நின்ற அகண்டானந்தர் பிறகு அம்மாவட்டத்தை விட்டு நீங்கவேயில்லை எனலாம். சார்காச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஆசிரமம் அமைத்தார். 1934-இல் ராமகிருஷ்ண சங்கத்தின் தலைவரான பின்னும் அங்கேயே வாழ்ந்து, 1937-இல் மகாசமாதி அடைந்தார்.

அவரை அங்கே நிறுத்தியது எது என்பதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாத்பூர் என்ற ஊரில் ஒரு முஸ்லிம் சிறுமி தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது, வேறு குடம் வாங்க வீட்டில் வழியில்லை, அம்மா அடிப்பாள். துறவி தம்மிடம் இருந்த சில்லறையில் கடைக்குப் போய் ஒரு புதுக்குடம் வாங்கி அவள் கையில் கொடுத்தார். தின்ன அவலும் வாங்கித் தந்தார். அழுகை நின்றது. திரும்பிப் பார்த்தார், எங்கிருந்தோ வந்த குழந்தைகள், எலும்பும் தோலுமாக, அந்த அவலைப் பார்த்தபடி அவரைச் சூழ்ந்து நின்றார்கள். கடைக்காரரிடம் அவர்களுக்கும் அவல் தரச் சொன்னார்.